துவர்ப்பை நீக்கிவிட்டு அறிவைத் தேடலாமா?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆயினும், தேர்வைப் பற்றிய அச்சம் நம் வீடுகளை விட்டு அகலவில்லை. ஆண்டிறுதி மதிப்பீடு, எஸ்.பி.எம். என்று ஏதேனும் ஒன்று எப்போதும் முன்னே நிற்கிறது. அச்சம் இருக்கும் வரையில் அதனை வைத்துப் பிழைக்கும் வணிகமும் இருக்கும். முன்பு வல்லாரை மாத்திரை வந்தது. பிறகு மீன் எண்ணெய் வந்தது. இப்பொழுது கோக்கோவின் முறை.

“கருப்புச் சாக்லேட் தின்றால் நினைவாற்றல் பெருகும்”, “கோக்கோவில் உள்ள ஃபிளவனால் மூளைக்கு உரம்”, “மனச்சோர்வுக்குக் கோக்கோவே மருந்து” எனும் செய்திகள் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் நாள்தோறும் வலம் வருகின்றன. அவற்றின் பின்னாலேயே, ஒரு குடும்பத்தின் வாரக் காய்கறிச் செலவை விழுங்கிவிடும் விலையில், மினுமினுக்கும் பைகளில் கோக்கோத் தூளும் வருகிறது. “ஐயா, இதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?” என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள். ஆகவே, இவ்வினாவைப் புன்னகையோடு கடந்துபோக நமக்கு உரிமை இல்லை. அதற்கு ஒழுங்கான விடை சொல்லியாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கோக்கோவைப் பற்றிய செய்தி முழுப் பொய்யன்று. அதில் மெய்யான அறிவியல் இருக்கிறது. ஆனால், அந்த அறிவியல் நம் பிள்ளைகளைப் பற்றியதன்று. நாம் கடையில் வாங்கும் தூளைப் பற்றியதுமன்று. குறைபட்ட இடத்தை நிரப்பக்கூடிய ஒரு பொருளை, இல்லாத அறிவைக் கூட்டித் தரும் மாயப்பொருளாக விற்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நம் மண்ணில் விளைந்த காய்

பேராவில் வாழும் தமிழர்களுக்குக் கோக்கோ அயல்நாட்டு அதிசயப் பொருளன்று. ரப்பர் தோட்டங்கள் சரிந்து செம்பனை பரவிய காலத்தில், கீழ்ப் பேராவின் கடலோரத் தென்னந்தோப்புகளின் நிழலில் கோக்கோ பயிரிடப்பட்டது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் வட்டாரங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்டிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும் காய்; உடைத்தால் உள்ளே வழவழப்பான வெண்ணிறச் சதை; அதைச் சப்பினால் இனிப்பும் புளிப்பும்; தவறி விதையைக் கடித்துவிட்டாலோ நாக்கை இழுத்துப் பிடிக்கும் கசப்பும் துவர்ப்பும். அந்தத் துவர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் உயிர்நாடி அதுதான்.

1990ஆம் ஆண்டில் மலேசியாவின் கோக்கோ விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன்னாக இருந்தது. உலகின் முன்னணி விளைச்சல் நாடுகளுள் நாமும் ஒருவராக இருந்தோம். பிறகு விலை வீழ்ந்தது. 1980இல் சபாவிலும் 1986இல் தீபகற்பத்திலும் தலைகாட்டிய காய்த்துளைப்பான் பூச்சி தோட்டங்களை அழித்தது. செம்பனையே மேல் என்று முதலாளிகள் மாறிக்கொண்டனர். அண்மை ஆண்டுகளின் விளைச்சல், அன்றைய விளைச்சலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆயினும், மலேசியக் கோக்கோ வாரியத்தின் ஆய்வு நிலையமொன்று இன்றும் பாகான் டத்தோ வட்டாரத்துச் சுங்கை சுமுனில் இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து விதையை இறக்குமதி செய்து அரைத்து ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகளுள் மலேசியா இன்றும் ஒன்று.

காயை உடைத்த கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அதே விதையின் தூள் இன்று ‘மூளை உணவு’ எனும் பெயரில் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. வாங்குவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வது நம் கடமை.

ஃபிளவனால் என்பது யாது?

தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் வேதிப்பொருள்களுள் ஒரு வகையே ஃபிளவனால். கோக்கோ விதை, தேயிலை, ஆப்பிள், திராட்சை முதலியவற்றில் இது உண்டு. கோக்கோவில் உள்ளவற்றுள் எப்பிகேட்டச்சின் என்பது முதன்மையானது. விதையைக் கடித்தபோது நாக்கை இழுத்துப் பிடித்ததே ஒரு துவர்ப்பு, அதற்குப் பெருங்காரணம் இக்குடும்பத்துப் பொருள்களே.

இவை உடலுக்குள் என்ன செய்கின்றன? நம் இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு எனும் வாயுவைச் சுரக்கிறது. அது குழாயின் தசையைத் தளர்த்தி விரியச் செய்கிறது. ஃபிளவனால் இச்செயலுக்குத் துணைபுரிகிறது. குழாய் விரிந்தால் குருதியோட்டம் சீராகும். மூளைக்கும் குருதி வேண்டுமல்லவா? கோக்கோவையும் மூளையையும் இணைக்கும் கருத்துக்கு இதுவே அடிப்படை.

இவ்வாய்வுக்கு வித்திட்டவர்கள் பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினர். முதுமையிலும் அவர்களுக்கு இரத்த அழுத்தம் உயராததை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் நார்மன் ஹோலன்பெர்க் 1990களில் ஆராய்ந்தார். அவர்கள் கோக்கோப் பானத்தை மிகுதியாகப் பருகுவோர். ஆனால், தீவை விட்டுப் பனாமா நகருக்குக் குடிபெயர்ந்த குனா மக்களிடம் இரத்த அழுத்தம் உயர்ந்து காணப்பட்டது. கோக்கோ குறைந்ததுதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஊர் மாறினால் உணவு மாறும், உழைப்பு மாறும், உறக்கம் மாறும், உறவும் மாறும்.

தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நமக்கு இது புரியாத கதையன்று. லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது. பசலையும் மரவள்ளியும் வாழையும் இருந்தன. தோட்ட வாழ்க்கையில் எல்லாம் வளமாயிருந்தது என்று நான் கூறவில்லை. அங்கே சோகையும் குடற்புழுவும் பிள்ளைகளை வாட்டியதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால், கைக்கெட்டிய கீரையை இழந்த இடத்தில் நாம் எதை வைத்தோம் என்று கேட்க வேண்டும். இனிப்புப் பானத்தையும் பொட்டலத் தின்பண்டத்தையும் அல்லவா வைத்தோம்?

ஆய்வுகள் உள்ளபடி கூறுவது என்ன?

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 முதல் 69 வயது வரையிலான 37 பேரை மூன்று மாதங்கள் ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் ஃபிளவனால் பருகியவர்களுக்கு, முதுமையில் தளரக்கூடிய ஒரு மூளைப் பகுதியின் செயற்பாடு மேம்பட்டது. ஒருவகை நினைவுச் சோதனையிலும் அவர்கள் முன்னேறினர். உலக நாளேடுகள் இதைக் கொண்டாடின. ஆனால், 37 பேர் என்பது நம் பள்ளியில் ஒரு வகுப்பறைக்குரிய எண்ணிக்கை. அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் மார்ஸ் எனும் சாக்லேட் நிறுவனமும் ஒன்று.

2020ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் இளைஞர்கள் 18 பேரை ஆராய்ந்தனர். ஃபிளவனால் மிகுந்த கோக்கோவைப் பருகிய பின் அவர்களுள் 14 பேருக்கு மூளையின் உயிர்வளி ஓட்டம் கூடியது. கடினமான சோதனைகளை விரைவாக முடித்தனர். எஞ்சிய நால்வருக்கு மாற்றம் இல்லை. ஏன்? அவர்களுக்கு அவ்வோட்டம் முன்பே சிறப்பாக இருந்தது. கூட்டுவதற்கு அங்கே இடமில்லை.

பிறகு வந்ததுதான் பெரிய ஆய்வு. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட காஸ்மாஸ் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் கோக்கோ ஃபிளவனால் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. சாக்லேட்டாக அன்று, மாத்திரையாக என்பதைக் கவனியுங்கள். அதன் ஒரு கிளையாய்வு 2,262 பேரின் அறிவுத்திறனை மூன்றாண்டுகள் அளந்து 2022இல் முடிவை வெளியிட்டது. ஒட்டுமொத்த அறிவுத்திறனில் கோக்கோவால் பயன் காணப்படவில்லை. 3,562 பேரைக் கொண்ட மற்றொரு கிளையாய்வு 2023இல் வெளிவந்தது. அதிலும் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது நினைவாற்றலில் மாற்றம் இல்லை. ஆனால், தரம் குறைந்த உணவை உண்டு வந்தவர்களையும் உடலில் ஃபிளவனால் மிகக் குறைவாக இருந்தவர்களையும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களுடைய நினைவாற்றல் ஓரளவு முன்னேறியிருந்தது.

18 பேரைக் கொண்ட சிற்றாய்வும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட பேராய்வும் ஒரே திசையைக் காட்டுகின்றன. குறை இருந்தவருக்குக் குறை நிரம்பியது. நிறைந்திருந்தவருக்கு ஒன்றும் கூடவில்லை. வற்றிய கேணிக்கு மழை உதவும். நிரம்பிய கேணியில் பெய்த மழை வழிந்தோடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கூறிய ஆய்வுகளில் ஒன்றேனும் பத்து வயதுப் பிள்ளையைப் பற்றியதா? இல்லை. ஒன்று இளைஞர்களைப் பற்றியது. ஏனையவை ஐம்பதைக் கடந்தவர்களைப் பற்றியவை. பாட்டியின் நினைவாற்றலுக்காக நடந்த ஆய்வைக் காட்டிப் பேத்திக்குப் பானம் விற்பது எவ்வகையில் நியாயம்?

மனநிலையைப் பற்றி

‘சாக்லேட் தின்றால் மகிழ்ச்சி’ என்பது எல்லாருக்கும் தெரிந்த பட்டறிவு. ஆனால், அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? சர்க்கரை, கொழுப்பு, நாவில் உருகும் மென்மை, சிறிதளவு காஃபீன், தியோபுரோமின், ‘எனக்கு ஒரு பரிசு கிடைத்தது’ எனும் உணர்வு ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. இவற்றுள் ஃபிளவனாலின் பங்கு எவ்வளவு?

ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையிலான 72 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 30 நாள்கள் தொடர்ந்து 500 மில்லிகிராம் ஃபிளவனால் பருகியவர்கள் மன அமைதியும் நிறைவும் கூடியதாகத் தெரிவித்தனர். அதே ஆய்வில் அறிவுத்திறன் மாறவில்லை. அதே நாட்டின் உளநல மருத்துவர் கோர்டன் பார்க்கரும் அவர்தம் குழுவினரும் 2006இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தனர். மனத்துயரை ஆற்றிக்கொள்ளச் சாக்லேட்டை நாடுவோருக்கு அது துயரைப் போக்குவதைவிட நீட்டிக்கவே வாய்ப்பு மிகுதி என்றனர்.

இது விளையாட்டுச் செய்தியன்று. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, பதின்ம வயது மாணவர்களுள் 26.9 விழுக்காட்டினர் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருப்பதாகத் தெரிவித்தது. நால்வரில் ஒருவர். அந்த ஒருவர் நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கலாம். அவருக்கு வேண்டியது சாக்லேட்டன்று. “என்னம்மா, ஏன் வாடிப்போயிருக்கிறாய்?” என்று கேட்கும் ஒருவர் வேண்டும். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரும் அரசு மருத்துவமனையும் வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 எனும் மனநல உதவி எண்ணும் உண்டு. மனச்சோர்வைத் தின்பண்டத்தால் மூடி வைத்தால், அது உள்ளேயே வளரும்.

டப்பாவுக்குள் இருப்பது எது?

இனி, நாம் வாங்கும் பொருளுக்கு வருவோம். காயிலிருந்து எடுத்த விதை நொதிக்க வைக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, வறுக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஃபிளவனால் குறைகிறது. அதன் பிறகு, கசப்பையும் துவர்ப்பையும் நீக்கி நிறத்தைக் கருக்கச் செய்வதற்காகக் காரம் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். இதற்கு டச்சு முறை என்று பெயர். 2008இல் வெளியான ஓர் அளவீடு இவ்வாறு காட்டியது: காரம் சேர்க்காத இயற்கைக் கோக்கோத் தூளில் கிராமுக்குச் சராசரி 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். மிகுதியாகக் காரம் சேர்த்த தூளில் 3.9 மில்லிகிராம் மட்டுமே.

இதை ஆறாம் ஆண்டுக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காஸ்மாஸ் ஆய்வில் கொடுத்த 500 மில்லிகிராமைப் பெற, இயற்கைத் தூள் சுமார் 15 கிராம் போதும். மிகுதியாகப் பதப்படுத்திய கருந்தூளாக இருந்தால் சுமார் 130 கிராம் வேண்டும். நாள்தோறும் 130 கிராம் தூளை யார் உண்பார்? நிறம் கருத்திருந்தால் சத்து மிகுதி என்று எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

இது தனிக் கோக்கோத் தூளின் நிலை. நம் வீடுகளில் கோக்கோ என்று வழங்குவது பெரும்பாலும் மைலோ போன்ற மால்ட் பானங்களையே. 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் உருவாக்கிய மைலோ, மால்ட், பால்மாவு, சர்க்கரை, கோக்கோ ஆகியவற்றின் கலவை. அது பசியாற்றும் பானமாக இருக்கலாம். ஆனால், ஃபிளவனால் ஆய்வுகளை அதன்மேல் ஏற்றிச் சொல்ல இடமில்லை. அதன் மேல் நாம் இரண்டு கரண்டி கெட்டிப்பால் ஊற்றுகிறோமே, அதற்கு எந்த ஆய்வும் துணை நிற்காது.

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2023இல் ஃபிளவனால் மிகுந்த கோக்கோத் தூளுக்கு இதயநலம் பற்றிய ஒரு வரையறுத்த கூற்றை அனுமதித்தது. சான்று மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சாதாரணக் கோக்கோத் தூளுக்கும் சாக்லேட்டுக்கும் அது பொருந்தாது என்றும் அறிவித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டதும் குருதியோட்டத்தைப் பற்றிய கூற்றையே. ‘மாணவர் அறிவு கூடும்’ என்ற கூற்றுக்கு இவ்விரு முடிவுகளிலும் இடமில்லை.

துவர்ப்பை நாம் ஏற்க மறுத்தோம். ஆலை அதை நீக்கித் தந்தது. அதனோடு பயனும் போயிற்று. அறுசுவை என்று பெருமையாகப் பேசும் இனம் நாம். ஆனால், நம் பிள்ளைகளின் நாக்கு இனிப்பு, உப்பு எனும் இரண்டோடு நின்றுவிட்டது. வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் நெல்லிக்காயையும் எத்தனை பிள்ளைகள் சுவைத்திருக்கிறார்கள்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

யாரும் சொல்லாத ஒரு பக்கம்

விளம்பரங்களில் காணாத ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். கோக்கோ, தேநீர் முதலியவற்றில் உள்ள பாலிபீனால்கள், காய்கறி, தானியங்களில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஈர்க்கவிடாமல் பற்றிக்கொள்கின்றன. ஃபிளவனாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு கோக்கோவைப் பருகியபோது இரும்பு ஈர்ப்பு 71 விழுக்காடு குறைந்தது. கருந்தேநீரைப் பருகியபோது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது.

இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைக்குக் களைப்பு வரும், கவனம் சிதறும், படித்தது நிற்காது. அத்தகைய பிள்ளைக்குச் சோற்றோடு சேர்த்து அடர்ந்த கோக்கோவைக் கொடுத்தால், நினைவாற்றல் வளர்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, நினைவாற்றலுக்கு வேண்டிய இரும்பையே தடுத்தவர்கள் ஆவோம். குறிப்பாக, பூப்பெய்திய பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கோக்கோ பருகுவதென்றால் உணவு வேளைக்கு இடையில் பருகட்டும். உணவோடு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். பீடோர் கொய்யாவும் தம்புன் பம்பளிமாசும் நம் மாநிலத்தின் பெயரைச் சொல்லும் பழங்கள். அவற்றுக்கு விளம்பரம் இல்லை என்பதொன்றே குறை.

இரவில் விழித்துப் படிப்பதற்காகக் கோக்கோ கலக்கிக் கொடுப்பதும் தகாது. அதிலுள்ள காஃபீன் சிறிதளவே ஆயினும், சிற்றுடலுக்கு அது உறக்கத்தைத் தள்ளிப்போடக்கூடும். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் கற்றதை மூளை பதித்துக்கொள்வது உறக்கத்தில்தான். உறக்கத்தைத் திருடி நினைவாற்றலை வாங்க முடியாது.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

ஆசிரியர்கள் அறிவியல் பாடத்திலோ நன்னெறிப் பாடத்திலோ ஒரு விளம்பரத்தை எடுத்து மாணவர்களிடம் கொடுத்துக் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்கச் சொல்லலாம். பெற்றோர்களும் பயன்படுத்தலாம்.

1. யாரை வைத்து ஆராய்ந்தார்கள்? முதியவர்களையா, சிறுவர்களையா? எத்தனை பேரை?

2. எவ்வளவு கொடுத்தார்கள்? நான் வாங்கும் பொருளில் அவ்வளவு இருக்கிறதா? டப்பாவில் ஃபிளவனாலின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா?

3. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்? விற்பவரே பணம் கொடுத்திருந்தால் ஆய்வு பொய்யென்று ஆகாது. ஆனால், கூர்ந்து பார்க்க வேண்டும்.

4. ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்பட்டதா, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமானதா? 2012இல் ஒரு மருத்துவ இதழில், சாக்லேட் மிகுதியாக உண்ணும் நாடுகள் நோபல் பரிசும் மிகுதியாகப் பெறுகின்றன என்று ஒரு வரைபடம் வெளிவந்தது. சுவிட்சர்லாந்து முதலிடத்தில் நின்றது. சாக்லேட் தின்றதால் நோபல் கிடைத்ததா? சாக்லேட் வாங்கவும் ஆய்வுக்கூடம் கட்டவும் வசதியுள்ள நாடு என்பதாலா? மாணவர்கள் இதை விரும்பி விவாதிப்பார்கள்.

5. பொருளின் முதல் மூன்று சேர்க்கைகள் யாவை? மிகுதியாக உள்ளதே முதலில் எழுதப்படும். சர்க்கரை முதலில் நின்றால், நாம் வாங்குவது சர்க்கரை.

‘மாத்திரை’, ‘சத்துணவு மருந்து’ என்ற பெயரில் விற்றால், எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசுப் பதிவெண் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

அப்படியானால் எதற்குச் செலவிடுவது?

ஆய்வுகளின் சாரம், குறையை நிரப்பினால் பயன் உண்டு என்பது. நம் பிள்ளைகளின் குறை எது? ஆசிரியர்கள் நன்கறிவோம். சபைகூடலில் மயங்கி விழும் பிள்ளையை நிழலில் அமர்த்தி விசாரித்தால், “காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, ஐயா” என்ற விடையே வரும். பத்து மணிக்குக் கொட்டாவி விடும் பிள்ளை நள்ளிரவு வரை கைப்பேசியோடு இருந்த பிள்ளை. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களுள் 95 விழுக்காட்டினர் போதிய காய்கனி உண்பதில்லை. பெரியவர் தட்டில் இல்லாதது பிள்ளையின் தட்டில் எப்படி வரும்?

1979 முதல் வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசாங்கம் துணை உணவுத் திட்டத்தை நடத்தி வருகிறது. தகுதியிருந்தும் வெட்கத்தால் விண்ணப்பிக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தப் படிவத்தை நிரப்ப உதவுவது, எந்தக் கோக்கோத் தூளையும்விடப் பிள்ளையின் மூளைக்குச் செய்யும் பெரிய தொண்டு. பேராவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுக்கொரு முறை சிற்றுண்டிச்சாலையின் உணவுப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் போதும். ஓர் அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல், ஒரு துண்டுக் கொய்யா. இவற்றுக்கு மினுமினுப்பான பை இல்லை. ஆனால், வாரக் காய்கறிச் செலவை விழுங்கும் அந்த ஒரு பையின் விலையில் இவற்றைப் பல நாள்கள் கொடுக்கலாம்.

கோக்கோவை வீட்டை விட்டே விரட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. பிள்ளை ஒரு துண்டுச் சாக்லேட்டை மகிழ்ச்சிக்காகத் தின்னட்டும். அது தின்பண்டம் என்று தெரிந்தே தின்னட்டும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்து, அவர்கள் காய்கனி குறைவாக உண்பவர்களாக இருந்தால், காரம் சேர்க்காத கோக்கோவைச் சர்க்கரையின்றிச் சிறிதளவு பருகுவதில் பொருளுண்டு. உணவுக்கு இடையில் பருகும் தே ஓ கோசோங்கிலும் அக்குடும்பத்துப் பொருள்கள் உண்டு; விலையும் குறைவு. மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் பாதிக்கும் மேலாக உணவின் அளவையும் பசியின் அறிகுறியையும் பற்றியே பேசினார். மருந்தைப் பற்றிப் பேச வந்தவர் சோற்றைப் பற்றிப் பேசியது ஏன் என்று நம் மாணவர்களிடம் கேட்கலாம்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் மகளுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று துடிக்கும் தந்தையின் அன்பை நான் மதிக்கிறேன். அந்த அன்புதான் வணிகரின் முதலீடு. ஆகவே, அந்த அன்புக்குச் சரியான வழியைக் காட்டும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு. அடுத்த பெற்றோர் சந்திப்பில் யாரேனும் கோக்கோவைப் பற்றிக் கேட்டால், முதலில் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய வினா ஒன்றுதான்: “இன்று காலை பிள்ளை என்ன சாப்பிட்டது?”